காஸில் டிரைவ் வீட்டைப் பற்றி எழுதியவர்கள்

குடும்பத்துக்குள் நடந்த கொலைகளைப் பற்றிய புத்தகங்களை நான் நெடுநாளாக விரும்பிப் படித்து வருகிறேன். ‘விரும்பி’ என்று எழுதச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும், வேறு சொல் போட்டால் அது பொய்யாகிவிடும். இந்த வகை நூல்களில் என்னை இழுப்பது குற்றத்தைவிட அதை எழுதுபவர் மாட்டிக்கொள்ளும் நெருக்கடிதான். நடுத்தெருவில் விழுந்த கொலைக்கு நாலு பேராவது சாட்சி இருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குள் மனைவியும் குழந்தைகளும் இறந்து கிடக்க, கணவன் மட்டும் பிழைத்திருந்தால், நடந்ததைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. போலீஸ் முதலில் சந்தேகிப்பதும் அவரையே. எழுத்தாளர் அவரிடம் பேசினால் அவருடைய வாய் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். பேசாவிட்டால் செத்தவர்களின் உறவினர், வக்கீல், போலீஸ் என்று எதிர்த்தரப்பின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய முடியும். மூன்றாவது வாசல் கிடையாது.

இதற்கு ஜெஃப்ரி மக்டொனால்டு வழக்கைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரே இரவை, ஒரே வீட்டை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் தேர்ந்த எழுத்தாளர்கள் நாற்பது ஆண்டுகளாக ஒருவரோடு ஒருவர் வாதாடி வந்திருக்கிறார்கள்.

1970 பிப்ரவரி 17 விடியற்காலையில், வட கரோலினா மாநிலத்தின் ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமில், 544 காஸில் டிரைவ் என்ற முகவரிக்கு ராணுவப் போலீசார் அழைக்கப்பட்டார்கள். கருவுற்றிருந்த கோலெட் என்ற 26 வயதுப் பெண்ணும், ஐந்து வயது கிம்பர்லியும், இரண்டு வயது கிறிஸ்டெனும் கத்தியாலும் பனிக்கட்டி குத்தும் ஊசியாலும் தடியாலும் தாக்கப்பட்டு இறந்து கிடந்தார்கள். கணவர் கேப்டன் மக்டொனால்டு, பிரின்ஸ்டனில் படித்தவர், சிறப்புப் படையின் மருத்துவர். நெற்றியில் வீக்கமும், மார்பில் நுரையீரலைத் தொட்ட ஒரு குத்தும், வேறு சில காயங்களுமாக உயிர் பிழைத்தார். ஹிப்பிகளைப் போன்ற நால்வர் புகுந்து தாக்கியதாகவும், அவர்களில் பொன்னிறக் கூந்தலும் தளர்ந்த விளிம்புத் தொப்பியும் கொண்ட ஒரு பெண் மெழுகுவத்தி ஏந்தி, போதை மருந்தைப் புகழ்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் ‘பன்றி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ரத்தத்தால் எழுதப்பட்டிருந்தது. சார்லஸ் மேன்சனின் கூட்டத்தார் கலிஃபோர்னியாவில் செய்த கொலைகள் நடந்து அப்போது அரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் கொலைகளைப் பற்றிய கட்டுரைகள் அடங்கிய ‘எஸ்குயர்’ இதழ் ஒன்று மக்டொனால்டு வீட்டின் கூடத்திலேயே கிடந்தது.

முதல் சுற்றில் அவர் தப்பினார். ராணுவம் நடத்திய பூர்வாங்க விசாரணையில், கர்னல் வாரன் ராக் என்ற அதிகாரி குற்றச்சாட்டுகள் உண்மையல்ல என்று அறிக்கை அளித்தார். அதற்குத் தக்க காரணம் இருந்தது. வீட்டைப் பாதுகாத்த லட்சணம் அப்படி: கைரேகைகள் அழிந்தன, குப்பை வாளி காலி செய்யப்பட்டது, ஆம்புலன்ஸோடு வந்த ஒருவர் மக்டொனால்டின் பணப்பையையே எடுத்துக்கொண்டு போனார். கூடத்தில் ஒரு தேநீர் மேசை விளிம்பில் நின்றிருந்தது. அது நிஜமாகவே உதைபட்டிருந்தால் தலைகீழாகத்தான் விழுந்திருக்கும், ஆகவே போராட்டக் காட்சி ஜோடிக்கப்பட்டது என்று புலனாய்வாளர்கள் வாதிட்டார்கள். கர்னல் ராக் நேரில் சென்று அந்த மேசையை ஓர் உதை விட்டார். அது பக்கத்து நாற்காலியில் முட்டி, விளிம்பிலேயே நின்றது!

அந்த விசாரணையின்போது மருமகனுக்காகக் கொடி பிடித்தவர் கோலெட்டின் வளர்ப்புத் தந்தை ஃப்ரெடி காஸப். பின்னாளில் மருமகனைச் சிறைக்கு அனுப்பும்வரை ஓயாதவரும் அவரே. விடுதலையான சூட்டில் மக்டொனால்டு தேசியத் தொலைக்காட்சியில் தோன்றி, கொலையாளிகளைப் பற்றிப் பேசியதைவிட ராணுவத்தைப் பற்றி அதிகம் புகார் செய்தார். நண்பர்களுடன் சேர்ந்து கொலையாளிகளில் ஒருவனைத் தேடிப் பிடித்துத் தீர்த்துவிட்டதாக மாமனாரிடம் ஒரு கதையும் சொன்னார். அது முழுப் பொய் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். காஸப் விசாரணைப் பதிவுகளை வரிக்கு வரி படித்து, கொலை நடந்த வீட்டுக்குள் நின்று மருமகனின் வாக்குமூலத்தை ஒப்பிட்டுப் பார்த்து, மனம் மாறினார். 1975இல் மக்டொனால்டு மீது கூட்டரசின் குற்றச்சாட்டு பதிவாகி, 1979 கோடையில் ராலே நகரில் விசாரணை நடந்தது. ஆகஸ்ட் 29 அன்று ஜூரி அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. நீதிபதி மூன்று ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக விதித்தார்.

எழுத்தாளர் ஜோ மக்கின்னிஸ் இந்த இடத்தில்தான் வருகிறார். விசாரணைக்குச் சற்று முன்பு, மக்டொனால்டின் தரப்பே அவரை உள்ளே அழைத்தது. ஒரு கல்லூரி மாணவர் விடுதியை வாடகைக்கு எடுத்து வக்கீல்களும் மக்டொனால்டும் தங்கியிருந்த இடத்தில் அவரும் தங்கினார். அவர்களோடு சாப்பிட்டார், ஆலோசனைகளில் உட்கார்ந்தார். இருவருக்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தது. புத்தகத்தின் வருமானத்தில் ஒரு பங்கு மக்டொனால்டுக்கு. அதற்கு ஈடாக, தன் வாழ்க்கைக் கதையின் அடிப்படை நேர்மை கெடாதவரை அவதூறு வழக்குப் போடுவதில்லை என்று அவர் உறுதி கொடுத்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரும் அவரைப் பற்றி எழுதப்போகிறவரும் ஒரே காசோலையில் பங்குதாரர்கள் என்பதை வாசகன் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். நூலின் சாய்வு எதுவானாலும் அது இங்கேயே கலந்துவிட்டது. ஆனால் எல்லாரும் எதிர்பார்த்த பக்கத்துக்கு அது சாயவில்லை.

விசாரணை முடிவதற்குள் மக்கின்னிஸ், மக்டொனால்டுதான் கொன்றார் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அதை அவரிடம் சொல்லவில்லை. சிறையிலிருந்தவருக்கு ஆறுதலாகக் கடிதங்கள் எழுதினார். உங்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்பது முன்பின் தெரியாதவருக்குக்கூட ஐந்து நிமிடத்தில் விளங்கும் என்ற பொருளில் எழுதினார். மக்டொனால்டு சிறையிலிருந்து தன் வாழ்க்கையை ஒலிநாடாக்களில் பேசிப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சுகள் 1983இல் வெளியான ‘ஃபேட்டல் விஷன்’ நூலில், அவருடைய குரல் என்ற தலைப்போடு, அத்தியாயங்களுக்கு நடுவே வைக்கப்பட்டன. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பேட்டி எடுக்கப்பட்டபோதுதான், தன் நண்பர் தன்னைக் கொலைகாரன் என்று எழுதியிருப்பது மக்டொனால்டுக்குத் தெரிய வந்தது.

இந்த நூலின் வலிமையை ஒப்புக்கொள்ளாமல் அதைக் குறை சொல்ல முடியாது. அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கீழே வைப்பது கடினம். ஓர் அத்தியாயம் தடயங்களைச் சொல்லும். அடுத்ததில் மக்டொனால்டு, இளமைக் காதலைப் பற்றியும் தன் திறமையைப் பற்றியும் தானாகப் பேசிக்கொண்டு போவார். ரத்தமும் தற்பெருமையும் மாறிமாறி வரும்போது வாசகன் தானாகவே ஒரு முடிவுக்குத் தள்ளப்படுகிறான். ஒலிநாடாவில் உள்ள சொற்கள் அவருடையவையே என்பதில் சந்தேகமில்லை. எந்தச் சொல்லை எதன் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானித்தவர்தான் மக்கின்னிஸ். எந்த மனிதனையும் பல மணி நேரம் தன்னைப் பற்றிப் பேசவிட்டு, அதைப் பிணப் பரிசோதனை அறிக்கையின் அருகில் அச்சிட்டால், அவன் இரக்கமற்றவனாகத்தான் தெரிவான்.

இன்னொன்று, நோக்கம். அரசுத் தரப்பு, ஏன் கொன்றார் என்பதை நிறுவத் தேவையில்லை, கொன்றார் என்பதை நிறுவினால் போதும் என்று நின்றது. ஒரு நூலுக்கு அது போதாது. ‘ஏன்’ இல்லாத கொலைப் புத்தகத்தை வாசகர் மன்னிப்பதில்லை. மக்கின்னிஸ், மக்டொனால்டின் தனிப்பட்ட காகிதங்களைத் துழாவியபோது, எடை குறைக்க எஸ்காட்ரால் என்ற மாத்திரையை அவர் எடுத்துக்கொண்டது பற்றி வக்கீல்களுக்காக எழுதிய குறிப்பு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஆம்ஃபெட்டமைன் கலந்த அந்த மருந்தும், நோயளவுக்கு முற்றிய சுயமோகமும், பெண்கள்மீது அடங்கிக் கிடந்த வெறுப்பும் சேர்ந்து அந்த இரவில் வெடித்திருக்கலாம் என்று ஒரு விளக்கத்தைக் கட்டினார். அந்த விளக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கொலை வழக்கின் ஜூரி முன்னால் வைக்கப்படாத, எவரும் குறுக்கு விசாரணை செய்யாத ஊகம். நூலின் கடைசியில் அதைப் படிக்கும் வாசகனுக்கு, நீதிமன்றத்தில் நிரூபணமானது எங்கே முடிந்து எழுத்தாளரின் கருத்து எங்கே தொடங்கியது என்ற கோடு மங்கிவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை அநீதி என்பது இந்த மங்கலில்தான் இருக்கிறதே தவிர, கணவனைக் குற்றவாளி என்று சொன்னதில் இல்லை.

மக்டொனால்டு வழக்குப் போட்டார். 1987இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அந்த விசாரணை இலக்கிய உலகத்தையே உலுக்கியது. தகவல் தருபவரிடம் எழுத்தாளர் பொய் சொல்வது தொழில் வழக்கம்தான் என்ற தொனியில் பிரபல எழுத்தாளர்கள் மக்கின்னிஸுக்காகச் சாட்சி சொன்னார்கள். அது அவருக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது என்று நினைக்கிறேன். மனைவியையும் மக்களையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவனா, அவனைப் பற்றிப் புத்தகம் எழுதியவரா என்று கேட்டபோது, ஆறு ஜூரிகளில் ஐந்து பேர் கைதியின் பக்கம் சாய்ந்தார்கள். ஒருவர் உடன்படாததால் தீர்ப்பில்லாமல் வழக்கு முடிந்தது. பின்பு 3,25,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

ஜேனட் மால்கம் இந்த வழக்கைப் பற்றி 1989இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதி, அடுத்த ஆண்டு ‘த ஜர்னலிஸ்ட் அண்ட் த மர்டரர்’ என்ற சிறு நூலாக வெளியிட்டார். பத்திரிகையாளன் பிறரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு கூசாமல் காட்டிக்கொடுப்பவன் என்ற அதன் தொடக்க வாதத்தை இதழியல் வகுப்புகளில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அந்த நூலைத்தான் முதலில் படித்தேன்; ‘ஃபேட்டல் விஷ’னைப் பிறகுதான் தேடிப் பிடித்தேன். இந்த வரிசை சாதாரண விஷயமல்ல. மால்கமை முதலில் படித்தவனுக்கு மக்கின்னிஸின் ஒவ்வொரு வாக்கியமும் திருட்டுப் பொருளாகத் தோன்றும். மக்கின்னிஸை முதலில் படித்தவனுக்கு மால்கம், ஒரு கொலைகாரனின் மனவருத்தத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுபவராகத் தோன்றுவார்.

மால்கமின் உரைநடை என்னை இன்றும் பொறாமைப்பட வைப்பது. அவருடைய ஒரு முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மக்டொனால்டு தன் வழக்கின் ஆவணங்களைக் கட்டுக்கட்டாக அவருக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்வதில்லை, ஆராய்ந்தாலும் அவர் கொன்றாரா இல்லையா என்பது அதிலிருந்து தனக்குத் தெரியப்போவதில்லை என்று மால்கம் வெளிப்படையாகவே எழுதினார். இதை அடக்கம் என்று பலர் பாராட்டினார்கள். எனக்கு அது அடக்கமாகப் படவில்லை. ஒரு மனிதன் தன் கைக்குழந்தையைக் குத்தினானா என்பது தெரியாமலே, அவனுக்கு இழைக்கப்பட்ட நம்பிக்கைத் துரோகத்தின் கனத்தை எப்படி நிறுப்பது? மக்கின்னிஸ் முதல் சந்திப்புக்குப் பிறகு மால்கமோடு பேச மறுத்துவிட்டார். மக்டொனால்டின் வக்கீலும் நண்பர்களும் தாராளமாகப் பேசினார்கள். யார் பேசினார்களோ அவர்கள் நிறமே நூலில் ஏறியிருக்கிறது. போதாக்குறைக்கு, தான் எழுதிய ஒருவரே தன்மீது தொடுத்த வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மால்கம் இதை எழுதினார். இதழில் வந்த கட்டுரையில் அதை அவர் சொல்லவில்லை என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டியது நியாயமே.

எரால் மோரிஸ் வேறு ரகம். செய்யாத கொலைக்காக டெக்சாஸில் தண்டனை பெற்ற ஒருவரை 1988இல் தான் எடுத்த ஆவணப்படத்தின் மூலம் விடுதலைக்குக் கொண்டுவந்தவர். ஒருமுறை அப்படி ஒரு நிரபராதியை மீட்டவருக்கு, அடுத்த கைதியின் குரலிலும் அதே தொனி கேட்பது இயல்பு. 2012இல் வெளியான ‘எ வில்டர்னஸ் ஆஃப் எரர்’ நூலில், மக்டொனால்டு நிரபராதி என்று அடித்துச் சொல்வதைவிட, அவர் தண்டிக்கப்பட்ட விதம் அழுகியது என்று காட்டுவதற்கே மோரிஸ் பாடுபடுகிறார். அவருடைய தூண் ஹெலினா ஸ்டோக்லி என்ற பெண். அந்த வட்டாரத்தில் போதைப் பழக்கத்தில் உழன்றவர், போலீசுக்குத் தகவல் சொல்பவர். அன்றிரவு அந்த வீட்டில் தான் இருந்ததாகப் பலரிடம் பலமுறை சொன்னார், மறுத்தும் சொன்னார், 1979 விசாரணையில் கூண்டேறி, அன்றிரவு எங்கே இருந்தேன் என்பது நினைவில்லை என்றார். அவர் ஒப்புக்கொண்டதைக் காதால் கேட்டவர்களை ஜூரி முன்னால் சாட்சி சொல்ல நீதிபதி டுப்ரீ அனுமதிக்கவில்லை. அன்று அதிகாலை மழையில் அந்த வீட்டை நோக்கி ஜீப்பில் விரைந்த ராணுவப் போலீஸ்காரர் ஒருவர், வழியில் தொப்பி அணிந்த ஒரு பெண் தனியே நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பெண் யார் என்று அப்போதே போய்ப் பார்க்கவில்லை என்பது இந்த வழக்கின் ஆறாத ரணம். இவற்றை மோரிஸ் விரிவாகச் சொல்வது நியாயமானது, அவசியமானதும்கூட.

ஆனால் ஸ்டோக்லிக்கு அவர் தரும் பக்கங்களையும் வீட்டுக்குள் கிடந்த தடயங்களுக்குத் தரும் பக்கங்களையும் ஒப்பிட்டால் தராசு சாய்வது தெரியும். உடல்களும் ரத்தமும் நமக்குச் சொல்வது என்ன என்பதற்கு ஒரு விபரீத வசதி இருந்தது: அந்தக் குடும்பத்தின் நால்வருக்கும் நான்கு வெவ்வேறு ரத்த வகைகள். கோலெட்டுக்கு ஏ, கணவருக்கு பி, கிம்பர்லிக்கு ஏபி, கிறிஸ்டெனுக்கு ஓ. ஆகவே எவர் எந்த அறையில் ரத்தம் சிந்தினார் என்பதை ஓரளவு பின்தொடர முடிந்தது. தன் படுக்கையில் கிடந்த கிம்பர்லியின் ரத்தம் பெற்றோரின் அறையில் இருந்தது. கிழிந்தது கூடத்தில் என்று மக்டொனால்டு சொன்ன இரவுச் சட்டையின் நூலிழைகள் கூடத்தில் கிடைக்கவில்லை. படுக்கையறையில், கோலெட்டின் உடலுக்கு அடியில் கிடைத்தன.

அந்த நீல இரவுச் சட்டையை மட்டும் சற்று அருகில் பார்ப்போம், ஏனென்றால் ஒரே துணியிலிருந்து ஒவ்வொருவரும் வேறு வேறு கதையைத் தைக்க முடிகிறது. சட்டை தன் கைகளில் சுற்றிக்கொண்டதாகவும், அதைக் கொண்டு குத்துகளைத் தடுத்ததாகவும், பிறகு அதை மனைவியின் மார்பின்மேல் போர்த்தியதாகவும் மக்டொனால்டு சொன்னார். சட்டையில் 48 வட்ட ஓட்டைகள். கோலெட்டின் மார்பில் ஊசிக் குத்துகள் 21. எஃப்.பி.ஐ. ஆய்வகத்தில், உடல்மீது கிடந்த நிலையில் சட்டையை மடித்து, 48 ஓட்டைகளும் 21 குத்துகளுடன் பொருந்துவதாகக் காட்டினார்கள். அதாவது, ஏற்கெனவே போர்த்திய சட்டைக்கு மேலேதான் குத்து விழுந்திருக்கிறது என்பது அரசு வாதம். எதிர்த்தரப்பு நிபுணர், ஒரு பெரிய இறைச்சித் துண்டின்மேல் அதே மாதிரித் துணியைச் சுற்றி, அதை அசைத்தபடியே ஊசியால் குத்தி, அசையும் துணியிலும் வட்ட ஓட்டை விழும் என்று காட்டினார். உடனே அரசு வக்கீல்கள் இருவர் நீதிமன்றத்திலேயே இறங்கினார்கள்: ஒருவர் கையில் இரவுச் சட்டையைச் சுற்றிக்கொள்ள, மற்றவர் பனிக்கட்டி ஊசியால் பாய்ந்தார். துணி தாறுமாறாகக் கிழிந்தது, சுற்றியிருந்தவரின் கையில் சிறு காயமும் பட்டது. மக்டொனால்டின் கைகளிலோ அப்படிப்பட்ட ஊசிக் காயங்கள் பதிவாகவில்லை.

இதை மக்கின்னிஸ் போன்றவர் எழுதினால் கூண்டுக்குள் மனிதன் மாட்டிக்கொண்ட தருணம்; மோரிஸ் போன்றவர் எழுதினால் ஜூரிக்காக நடத்தப்பட்ட தெருக்கூத்து. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒரு துணியை எத்தனையோ விதமாக மடிக்கலாம், பொருந்தும் மடிப்பைத் தேடியே மடித்தார்கள் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் நூலிழைகள் கிடந்த இடத்தை எந்த மடிப்பாலும் மாற்ற முடியாது. நேர்மையான நூல் என்றால், தன் கட்சிக்கு இடைஞ்சலான சான்றை அதன் முழு வலுவோடு வாசகன் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. மாமனாரிடம் சொன்ன பொய்க் கதையை மக்டொனால்டு ஆதரவாளர்கள் எவ்வளவு விரைவாகக் கடந்து போகிறார்கள் என்பதையும், தொப்பிக்காரப் பெண்ணை எதிர்ப்பாளர்கள் எவ்வளவு விரைவாகக் கடக்கிறார்கள் என்பதையும் கவனித்தாலே போதும், ஆசிரியரின் மனச்சாய்வு பிடிபட்டுவிடும்.

2006இல் வெளிவந்த மரபணுச் சோதனை முடிவுகளும் இரு தரப்புக்கும் தீனி போட்டன. கோலெட்டின் கையில் இருந்த, அந்நியனுடையது என்று எதிர்த்தரப்பு நம்பிய முடி, மக்டொனால்டுடையது என்று தெரிந்தது. அடையாளம் காண முடியாத சில முடிகளும் இருந்தன. அரசு வக்கீல்களில் ஒருவரான பிளாக்பர்ன், ஸ்டோக்லியை மிரட்டினார் என்று ஓய்வுபெற்ற நீதிமன்றக் காவலர் ஒருவர் 2005இல் சொன்னார். அந்த பிளாக்பர்ன் பின்னாளில் வேறு ஒரு மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டு வக்கீல் தொழிலை இழந்தவர் என்பதால், கேட்டவுடன் நம்பத் தோன்றும். ஆனால் ஸ்டோக்லியைத் தானே அழைத்து வந்ததாக அந்தக் காவலர் சொன்னது சிறைப் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை என்று நீதிமன்றம் கண்டது. 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மக்டொனால்டின் மனுவை நிராகரித்தது.

என் கருத்தை மறைக்க வேண்டியதில்லை: அவர்தான் கொன்றார் என்று நினைக்கிறேன். மக்கின்னிஸின் நூல் சரியான முடிவைச் சொல்லியும் நியாயமற்ற நூல் என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் ஒருசேர நம்புவதில் எனக்குச் சிக்கல் இல்லை. இந்த வகை நூல்களைப் பற்றிப் பேசுபவர்கள் பலருக்கு இருக்கிறது. முடிவு சரியென்றால் போன வழியும் சரி என்பார்கள்.

இதை மறுபுறமாகச் சோதிக்க நமக்கு அருகிலேயே ஒரு வழக்கு உண்டு. 2008 மே மாதம் நொய்டாவில், ஆருஷி தல்வார் என்ற, பதினான்கு வயதுகூட நிரம்பாத சிறுமி தன் அறையில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். வீட்டுப் பணியாளர் ஹேம்ராஜ்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் அறிவித்தது. மறுநாள் அவருடைய உடல் அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் கிடைத்தது; பூட்டியிருந்த மாடிக் கதவை முதல் நாள் எவரும் உடைத்துப் பார்க்கவில்லை. காஸில் டிரைவ் கதையின் அலங்கோலம் முழுவதும் இங்கேயும் உண்டு, கூடவே அந்தச் சிறுமியின் நடத்தையைப் பற்றிப் பத்திரிகையாளர் கூட்டத்தில் பேசிய ஒரு காவல்துறை உயரதிகாரியும் உண்டு. 2013இல் பெற்றோர் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். விசாரணையை நேரில் பின்தொடர்ந்த பத்திரிகையாளர் அவிரூக் சென் 2015இல் எழுதிய நூல், அந்தத் தீர்ப்பு எப்படி உருவானது என்பதை உரித்துக் காட்டியது. எதிர்த்தரப்பு வாதம் முடிவதற்கு முன்பே தீர்ப்பு எழுதத் தொடங்கப்பட்டதை அவர் வெளிக்கொண்டு வந்த பகுதி யாரையும் அதிரவைக்கும். 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பெற்றோரை விடுவித்தது.

ஆகவே அந்த நூலும் நீதிமன்றத்தால் மெய்ப்பிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். இருந்தாலும் மக்கின்னிஸிடம் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்: ஹேம்ராஜின் பக்கம் யார் நின்றார்கள்? அந்த வழக்கை ஊரே அந்தச் சிறுமியின் பெயரால்தான் அழைக்கிறது. படித்த, ஆங்கிலம் பேசும் பல் மருத்துவர்களான பெற்றோரை எழுத்தாளர் சென்று பார்க்கலாம், அவர்கள் சிறையிலிருந்து எழுதும் குறிப்புகளைப் படிக்கலாம். ஹேம்ராஜின் மனைவி நேபாளத்தில் இருந்தார். விடுதலையை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் பல வாசகர்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரிந்தது. இதை அந்த நூலாசிரியரின் தனிக்குற்றமாகச் சொல்ல மாட்டேன். அணுகக் கிடைப்பவரிடமிருந்து கதை பிறக்கிறது; அணுகக் கிடைப்பவர் பெரும்பாலும் நம் வகுப்பைச் சேர்ந்தவர்.

காஸில் டிரைவ் வீட்டில் அப்படி அணுகக் கிடைக்காதவர் கோலெட். நான் படித்த இந்த நூல்களில் அவர் எத்தனை பக்கங்களில் உயிரோடு நடமாடுகிறார் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கும். லாங் ஐலண்டில் வளர்ந்தவர், ஸ்கிட்மோர் கல்லூரியில் சேர்ந்தவர், கருவுற்றதால் படிப்பை விட்டுவிட்டு 1963இல் திருமணம் செய்துகொண்டவர். இறப்பதற்கு முந்தைய மாலையும், குழந்தைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, விட்ட படிப்பைத் தொடர ஃபோர்ட் பிராக்கில் நடந்த உளவியல் வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். மக்கின்னிஸ் அவருடைய தாயாரிடமும் தோழிகளிடமும் கேட்டு ஓரளவு அவரை மீட்டார். அந்த ஒரு விஷயத்தில் மற்ற இருவரையும்விட அவர் நியாயமாக நடந்துகொண்டார் என்பேன். மால்கமின் நூலில் கோலெட் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நம்பிக்கைத் துரோகம், ஒப்பந்தம், எழுத்தறம் என்ற அந்தப் பெரிய விவாதத்தில், துரோகத்துக்கு ஆளானவராக ஒரு கணவர் மட்டுமே பேசப்படுகிறார்.

இந்த நூல்களில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் 2018 மேல்முறையீட்டுத் தீர்ப்பைச் சொல்கிறேன். நூறு பக்கத்துக்கு மேல் நீளும், நடை வறண்டது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. விசாரணையின் தடயங்களும், ஸ்டோக்லி முன்னும் பின்னுமாகச் சொன்னவையும் அதில் வரிசையாக இருக்கின்றன. நீதிபதிகளுக்கும் சாய்வு உண்டு. ஆனால் எந்தச் சான்றை ஏன் தள்ளினோம் என்று காரணம் எழுதியாக வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு உண்டு. அதற்குப் பிறகு மக்கின்னிஸ், அடுத்து மோரிஸ், மால்கம் கடைசியில். மக்கின்னிஸ் 2014இல் காலமானார். மக்டொனால்டு உடல்நிலையைக் காரணம் காட்டிக் கோரிய விடுதலையை 2021இல் நீதிமன்றம் மறுத்தது; அதை எதிர்த்துச் செய்த மேல்முறையீட்டை அவர் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஐம்பது ஆண்டுகளாகச் சொன்னதையே, அந்நியர்கள் நால்வர் வந்தார்கள் என்பதையே, சொல்லி வந்திருக்கிறார். ஆகவே இன்னொரு புத்தகம் வரத்தான் போகிறது. அது வந்தால் கடைசியில் உள்ள நன்றியுரையைத்தான் முதலில் புரட்டுவேன். ஆசிரியர் யார் வீட்டில் காபி குடித்தார் என்பது அங்கேதான் தெரியும்.